செக்குக்காரருக்கு ஒரு கணக்கு

கடலை விலை ஏறும்போதுகூட செக்குக்காரர் நஷ்டப்படலாம். எப்படி என்கிறீர்களா?

கிலோ 100 ரூபாய் வீதம் 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயும் புண்ணாக்கும் விற்று வந்தது 12,000 ரூபாய். கரண்ட், ஆள் கூலி 1,000 போச்சு. இன்னொரு 1,000 லாபம்தானே என்று வீட்டுச் செலவுக்கு எடுத்தாச்சு. மறு வாரம் மண்டியில் பருப்பு கிலோ 120. கையிலிருக்கும் 10,000 ரூபாய்க்கு 83 கிலோதான் வரும். மீதி 17 கிலோ? லாபம் என்று நினைத்து முதலையே சாப்பிட்டுவிட்டோம்! ஆகையால் எண்ணெய்க்கு விலை வைக்கும்போது வாங்கிய விலையைப் பாராமல், இனி வாங்கப்போகிற விலையைப் பாருங்கள்.

"கடையில் பாக்கெட் எண்ணெய் மலிவாச்சே" என்பீர்கள். வாஸ்தவம். அந்த விலை நம் கையில் இல்லை. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே மாதமே மறுபடி திறந்தது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியது. 2025 மே கடைசியில், சுத்திகரிக்காத எண்ணெய்க்குக் குறைத்தது. இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல யாரால் முடியும்? விலை ஏறும் என்று நம்பி, வட்டிக்கு வாங்கி மூட்டை அடுக்காதீர்கள்.

அதற்குப் பதில், வாரத்தில் இரண்டு நாளாவது விவசாயிகள் கொண்டுவரும் பருப்பைக் கூலிக்கு ஆட்டிக் கொடுங்கள். சரக்கு அவருடையது, விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் கூலி வந்துவிடும். புண்ணாக்கு யாருக்கு என்பதை ஆட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். எடை போட்டுத் துண்டுச்சீட்டும் கொடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.