மூன்றாவது துளைக்குள் என்ன இருக்கிறது?

மின்சாரத்தால் இயங்கும் உபகரணங்கள் நம் இல்லங்களில் எத்தனையோ இருப்பினும், அவற்றுள் பெரும்பாலானவை ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை. தற்செயலாக விரல் பட்டால் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்ளும் அவகாசத்தையேனும் நமக்கு அளிப்பவை. டிரில்லிங் மெஷினும் டைல்ஸ் அறுக்கும் கட்டிங் மெஷினும் அந்த ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை நாம் தொடுவதில்லை, ஐந்து விரல்களாலும் இறுகப் பற்றுகிறோம். சரீரத்தினூடே சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே முன்கைத் தசைகள் நம் சித்தத்துக்குக் கட்டுப்படாமல் சுருங்கத் தொடங்குகின்றன. விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியவையாதலால், பற்றிய கை பற்றியபடியே நின்றுவிடுகிறது. 30 மில்லி ஆம்பியரில் சுவாசம் திணறும். 50ஐத் தாண்டிச் சில விநாடிகள் நீடித்தால் இருதயம் தன் தாளத்தை இழக்கக்கூடும்.

நம் ஊரில் இந்த யந்திரங்கள் பிரயோகிக்கப்படும் விதத்தைச் சற்றே நோக்குங்கள். குளியலறை வாசலில் வீட்டுக்காரர் வெறுங்காலுடன் குந்தியமர்ந்து டைல்ஸை அறுக்க, தூசி பறவாமலும் பிளேடு சூடேறாமலும் இருக்கும்பொருட்டு அவர் மகன் பக்கத்தில் நின்று பிளாஸ்டிக் மக்கால் தண்ணீர் ஊற்றுகிறான். மின்சாரமோ கூடத்திலிருந்து இழுத்துவரப்பட்ட ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வழியே வருகிறது. அதன் பிளக் என்றோ உடைந்துபோனபடியால், கம்பியின் இரு முனைகளையும் சீவி, சாக்கெட்டில் செருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சிகளை முட்டுக்கொடுத்திருப்பார்கள். 230 வோல்ட்டைத் தீக்குச்சியால் நிறுத்திவைக்கும் இந்தச் சாமர்த்தியத்தை வேறெங்கும் கண்டதில்லை.

ஆயினும் என் கவலை தீக்குச்சியைப் பற்றியதன்று. அது கண்ணுக்குத் தெரியும் அபாயம், மனைவியாவது அதட்டுவாள். கண்ணுக்குத் தெரியாதது அந்த பாக்ஸின் முகப்பில் இருக்கிறது. ஒவ்வொரு சாக்கெட்டிலும் லட்சணமாக மூன்று துளைகள். உள்ளே வரும் கம்பியிலோ இரண்டே இழைகள். மேலேயுள்ள பெரிய துளைக்குப் பின்னால் ஒரு பித்தளைத் துண்டு மாத்திரம் எதனோடும் சம்பந்தமின்றித் துறவறம் பூண்டிருக்கிறது. யந்திரத்தின் உடலில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இட்டுச்செல்லவேண்டிய எர்த் பின் பிளக்கின் மற்ற இரண்டையும்விட நீளமாக அமைந்திருப்பது, செருகும்போது அது முதலில் தொட்டுக் கழற்றும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே. தடித்திருப்பது, அது பேஸ் துளைக்குள் ஒருபோதும் நுழைந்துவிடலாகாது என்பதற்காகவே. இவ்வளவு யோசனையுடன் வடிக்கப்பட்ட அந்தப் பின், இத்தகைய பாக்ஸில் சூனியத்தைச் சென்று தொடுகிறது. எர்த் பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுபவனாவது தான் செய்ததை அறிவான். இந்த பாக்ஸை வாங்கியவனோ தன் யந்திரத்துக்கு எர்த் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறான்.

இன்று விற்கும் டிரில்லிங் மெஷின்களில் பல இரட்டைக் காப்பு உடையவை, ஆகவே அவற்றுக்கு எர்த்தே வேண்டியதில்லை என்று கூறுவோர் உண்டு. மெய்தான், லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது அத்தகையதே. ஆனால் அதே பாக்ஸில்தான் நாளை பெஞ்ச் கிரைண்டரும், மறுநாள் இரவல் வாங்கிவந்த இரும்பு உடல் படைத்த பழைய டிரில்லும் மாட்டப்படுகின்றன. தவிரவும், காற்றுத் துவாரம் வழியே மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்தபின், எத்தனை காப்பு இருந்தும் உத்தரவாதம் கொடுப்பார் இல்லை.

எர்த் இருந்தால், அளவு மீறிய மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி விழுந்து காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிப் பராமரித்த நல்ல எர்த் குழிக்கே 10 ஓம் தடை இருக்குமாயின், கோளாறு நேரும்போது 230 வோல்ட் அதன் வழியே சுமார் 23 ஆம்பியரையே செலுத்தும். 16 ஆம்பியர் எம்சிபி அதை ஒரு மணி நேரம்கூடச் சகித்துக்கொண்டிருக்கக்கூடும், அத்தனை நேரமும் யந்திரத்தின் உலோக உடலில் வோல்டேஜ் நின்றுகொண்டிருக்கும். பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டினார்கள். பின்பு குழாயைப் பிவிசியாக மாற்றியபோது கம்பியைப் பற்றி யார் நினைத்தார்கள்? ஆகவே பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று ஓயாமல் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வழிதவறினாலே 0.3 விநாடிக்குள் துண்டிக்கும் ஆர்சிசிபி அத்தியாவசியமாகிறது. அமெரிக்காவில் இதே வேலைக்குரிய சாதனம் சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கிறது. பிரிட்டனின் கட்டுமானத் தளங்களிலோ யந்திரத்துக்கே 110 வோல்ட்தான் தருகிறார்கள், அதிலும் பூமியை நோக்கி 55க்கு மேல் எழாதபடி டிரான்ஸ்பார்மரின் நடுவில் எர்த் செய்து.

நம்மிடமோ, ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் கசிவு எங்கே என்று தேடுவதில்லை. “சும்மா சும்மா ட்ரிப் ஆகுது சார், டைரக்டா குடுத்துடட்டுமா?” என்று எலெக்ட்ரீஷியன் கேட்கிறார், நாமும் மின்விசிறி ஓடினால் போதும் என்று தலையசைத்துவிடுகிறோம். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் பொத்தான் ஆர்சிசிபி உயிரோடிருப்பதை மட்டுமே அறிவிக்கும், எர்த் கம்பி இருக்கிறதா என்பதை அது அறியாது. நியான் விளக்கு வைத்த டெஸ்டரும் பேஸைத்தான் காட்டும். எர்த்தைச் சோதிக்க எலெக்ட்ரீஷியன் 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே இணைத்துப் பார்ப்பார்: ஆர்சிசிபி இல்லாத வீட்டில் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும், இருக்கும் வீட்டில் அந்தக் கணமே ஆர்சிசிபி விழ வேண்டும், இரண்டும் நிகழாவிட்டால் எர்த் இல்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு இவ்வளவுகூட வேண்டாம். பிளக்கை உருவியபின் பின்புற ஸ்க்ரூக்களைக் கழற்றினால் எர்த்துக்குரிய பச்சைக் கம்பி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இல்லையேல் அந்த இரண்டிழைக் கம்பியை எறிந்துவிட்டு, 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்றிழைக் கம்பியை வாங்கி, பச்சையை இரு முனைகளிலும், அதாவது பிளக்கிலும் பாக்ஸிலும், முடுக்கித் தரச் சொல்லுங்கள். பாக்ஸில் மட்டும் முடுக்கிவிட்டு பிளக்கில் வெட்டிவிடுகிற வழக்கமும் உண்டு.