வில்லையின் குறையைச் சொன்ன காலம்

1665இல் லண்டனில் வெளியான 'மைக்ரோகிராஃபியா'வின் முன்னுரையில், ராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கியின் குறைகளை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பொருளுக்கு அருகிலுள்ள வில்லையின் துளை மிகச் சிறியது. உள்ளே வரும் ஒளி போதாது. அந்தக் கொஞ்சத்திலும் பொய்க்கதிர்கள் கலந்திருக்கும். ஈயின் கண் ஒரு வெளிச்சத்தில் துளைகள் நிறைந்த பின்னல்தட்டியாகத் தெரிந்தது. வெயிலில் பொன்னாணிகள் அடித்த பரப்பாகவும் வேறொரு நிலையில் கூம்புகளாகவும் தெரிந்தது. பல வெளிச்சங்களில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே அவர் வரையத் தொடங்கினார். அன்றைய ஆங்கிலத்தில் வில்லையைப் பெரும்பாலும் 'கிளாஸ்' என்றே எழுதினார்கள். அது கையால் தேய்த்த கண்ணாடி. அதன் கோளாறு எழுதுபவருக்குத் தெரியும்.

19ஆம் நூற்றாண்டில் மூக்குக்கண்ணாடி உவமையாகப் பரவியது. எல்லாமே நல்லதாகத் தெரிபவரை ரோஜா நிறக் கண்ணாடி அணிந்தவர் என்றார்கள். நிறம் எப்போதும் அடுத்தவர் கண்ணாடியில்தான். எழுதுபவரின் கண் தெளிவானது என்பது சொல்லாமலே புரிந்துகொள்ளப்பட்டது.

இன்று ஆங்கிலக் கட்டுரைத் தலைப்புகளில் 'த்ரூ தி லென்ஸ் ஆஃப்' (இன்னதன் வில்லை வழியாக) என்பது சாதாரணமாகிவிட்டது. பாலின லென்ஸ், வர்க்க லென்ஸ், காலனிய லென்ஸ். தமக்கும் ஒரு பார்வைக்கோணம் உண்டென்று எழுதுபவரே முதல் வரியில் ஒப்புக்கொள்கிறார். இது பெரிய நேர்மை. 1611 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'டெம்பஸ்ட்' நாடகத்தில் வெறும் முரட்டு அடிமையாகப் பார்க்கப்பட்ட காலிபன், தன் தீவைப் பறிகொடுத்த மண்ணின் மகனாகத் தெரிந்தது காலனிய லென்ஸ் வழியாகத்தான்.

ஆனால் அந்த லென்ஸின் அளவை யாரும் எழுதுவதில்லை. புகைப்படக்காரர்களிடம் அளவைக் குறிக்கும் பழக்கம் போகவில்லை. அவர்களுக்கு 'த்ரூ தி லென்ஸ்' என்பது 1960களில் வந்த தொழில்நுட்பம்: தனி ஒளிமானியைக் கையில் பிடிக்காமல், வில்லைவழி வரும் ஒளியைக் கேமராவே அளப்பது. 50 மி.மீ., எஃப் 1.8 என்று படத்தின் அடியில் குறித்தால் எது கூர்மையாக விழும், எது மங்கும் என்று பார்ப்பவர் ஊகித்துவிடுவார். கட்டுரையில் மங்கிப்போனதை வாசகர்தான் தேடவேண்டியிருக்கிறது. மிராண்டா என்ற இளம்பெண்ணிடம் காலிபன் அத்துமீற முயன்றதும் அதே நாடகத்தில் இருக்கிறது. காலனிய லென்ஸை எடுத்தவர்களில் பலர் அதை ஓரிரு வரியில் கடந்துபோனார்கள். அதை நடுவில் கொண்டுவந்து வைத்தவர்கள் பெண்ணிய விமர்சகர்கள்.