வெண்ணந்தூர் சேலைக்கு வரியைக் குறைக்க தமிழக சட்டமன்றத்தால் முடியுமா? மாநிலத்தின் வரி, கடன் அதிகாரம்: ஒரு விளக்கம்

நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூரில் விசைத்தறியில் நெய்த சேலை ஒன்று 1,000 ரூபாய்க்கு விற்குதுன்னு வைத்துக்கொள்வோம். 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 50 ரூபாய். தமிழ்நாட்டுக்குள் விற்றால் 25 ரூபாய் மத்திய அரசுக்கு, 25 ரூபாய் மாநிலத்துக்கு. தறி ஓடலை, நம்ம பங்கையாவது குறைப்போம் என்று சட்டமன்றம் நினைத்தால்?

நடைமுறையில் முடியாது. 2017 ஜூலை 1-க்கு முன்பு வாட் வரியைக் கூட்டவும் குறைக்கவும் மாநிலத்துக்கே அதிகாரம் இருந்தது. இப்போது விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே ஓட்டுக் கணக்கைப் பாருங்க: மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆக, மாநிலங்கள் மொத்தமும் ஒரே பக்கம் நின்றாலும் டெல்லி தலையாட்டாமல் எதுவும் நகராது. கவுன்சிலின் பரிந்துரை சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனாலும் ஒரு மாநிலம் மட்டும் தனி விகிதம் வைப்பது லேசான காரியம் இல்லை.

அப்போ மாநிலத்தின் கையில் மிச்சம் என்ன? பெட்ரோல், டீசல், மது, முத்திரைத்தாள், வாகன வரி. டாஸ்மாக் வருமானத்தை அரசு ஏன் விடமாட்டேங்குதுன்னு கேட்கிறவர்களுக்கு, இதுவும் ஒரு காரணம். 2024 ஜூலையில் கனிம நிலங்களுக்கு மாநிலங்கள் வரி போடலாம் என 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது ஒரு ஆறுதல்.

சரி, கடன் வாங்கிச் சமாளிக்கலாமா?

அதற்கும் பூட்டு இருக்கு. அரசியலமைப்பின் 293(3) பிரிவுப்படி, மத்திய அரசுக்குப் பழைய பாக்கி வைத்திருக்கும் மாநிலம், அதன் அனுமதி இல்லாமல் புதுக் கடன் வாங்க முடியாது. 15-வது நிதிக் குழு காலத்தில் 2023-24 முதல் வரம்பு மாநில உற்பத்தியில் 3 சதவீதம். மின்துறை சீர்திருத்தம் செய்தால் கூடுதலாக அரை சதவீதம். இதை எதிர்த்துக் கேரளா போட்ட வழக்கை 2024 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. மாநிலங்கள் இஷ்டத்துக்குக் கடன் வாங்கினால் நாட்டின் கடன் மதிப்பே அடிபடும் என்பது மத்திய அரசின் வாதம். அதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது.

தமிழ்நாட்டுக்கு இது புதுச் சண்டை இல்லை. 1969-ல் ராஜமன்னார் குழு, 2025 ஏப்ரலில் குரியன் ஜோசப் குழு. இரண்டுமே மாநில அதிகாரம் பற்றித்தான்.

வெண்ணந்தூர் பேரூராட்சிக்கு வாங்க. சொத்து வரி வசூலிப்பது பேரூராட்சி. ஆனால் 2022 ஏப்ரலில் அதை உயர்த்தும் முடிவு சென்னையில் எடுக்கப்பட்டது. அதற்குச் சென்னை காட்டிய காரணங்களில் ஒன்று, மத்திய நிதிக் குழு மானியத்துக்கான நிபந்தனை.