தேங்காய்ப் பாலில் ஜவ்வரிசியும் மாம்பழமும்

மலேசியாவிலும் தாய்லாந்திலும் வெயில் அதிகம். அங்கே குளிர்ந்த இனிப்பு ஒன்றை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கிண்ணத்தில் கண்ணாடி மணிபோல ஜவ்வரிசி இருக்கும். அதன்மேல் தேங்காய்ப் பாலும் வெல்லப் பாகும் ஊற்றுவார்கள். மாம்பழத் துண்டும் போடுவது உண்டு. மலேசியாவில் தென்னம் பதநீரைக் காய்ச்சி எடுத்த வெல்லம் சேர்ப்பார்கள். அதன் பெயர் குலா மலாக்கா. நம் ஊர்க் கருப்பட்டியும் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

இது நம் பாயசத்துக்குத் தங்கை. பாயசத்தைச் சூடாகவும் குடிக்கலாம். இதைக் குளிர்ச்சியாகத்தான் சாப்பிட வேண்டும்.

ஜவ்வரிசி அரிசியா? இல்லை. மலேசியா, இந்தோனேசியா பக்கம் சாகோ என்ற பனை வகை மரம் உண்டு. அதன் தண்டுக்குள் இருக்கும் மாவில்தான் முதலில் ஜவ்வரிசி செய்தார்கள். நம் ஊரில் மரவள்ளிக் கிழங்கில் செய்கிறோம். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றது. 1940-களில் சேலத்தில் இந்தத் தொழில் வளர்ந்தது. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, கழுவி, பாலைத் தெளிய வைப்பார்கள். அடியில் படியும் ஈரமாவைக் குலுக்கினால் மணி மணியாகத் திரளும். அதை வறுத்துக் காய வைப்பார்கள்.

ஆறு பேருக்கு ஒரு டம்ளர் பொடி ஜவ்வரிசி போதும். ஒரு பெரிய தேங்காய், கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கருப்பட்டி, இரண்டு மாம்பழம், ஒரு சிட்டிகை உப்பு வேண்டும்.

பலரும் தவறு செய்வது ஜவ்வரிசியை வேக வைப்பதில்தான். பொடி ஜவ்வரிசியை ஊற வைக்கக் கூடாது. ஊறினால் கரைந்து கூழாகிவிடும். எட்டு டம்ளர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஜவ்வரிசியைத் தூவிக் கிளறுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அடியில் ஒட்டிக் கட்டியாகும். பத்து நிமிடத்தில் மணி கண்ணாடிபோல ஆகும். நடுவில் மட்டும் சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். உடனே அடுப்பை அணைத்து மூடி வையுங்கள். பத்து நிமிடத்தில் அந்தப் புள்ளியும் வெந்துவிடும். பிறகு வடிகட்டி, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் அலசுங்கள். அலசினால்தான் மணி தனித் தனியாக நிற்கும்.

கருப்பட்டியைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் மண் பல்லில் நறநறக்கும். வடிகட்டியதைப் பாகாகக் காய்ச்சி ஆற வையுங்கள். தேங்காயைத் துருவி அரைத்து, வெந்நீர் விட்டுக் கெட்டிப் பால் பிழியுங்கள். பாலில் உப்புப் போட்டு, சிறு தீயில் சூடாக்குங்கள். ஆவி வந்ததும் இறக்க வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். இனிப்பில் உப்பு எதற்கு என்று தோன்றலாம். அந்தச் சிட்டிகை உப்பில்தான் தேங்காய்ப் பாலின் ருசி தெரியும்.

எல்லாம் ஆறிய பிறகு ஒன்று சேருங்கள். பழத்தைப் பரிமாறும்போதுதான் போட வேண்டும்.

குளிர்ப் பெட்டி இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். பெரிய தாம்பாளத்தில் பானைத் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தை அதில் வையுங்கள். கடையில் வாங்கிய ஐஸ் கட்டியைப் பாத்திரத்துக்கு வெளியேதான் போட வேண்டும். மீன் பெட்டிக்கு வைக்கும் ஐஸைக் குடிநீரில்தான் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. அது உள்ளே கலந்தால் வயிற்றுப்போக்கு வரும். சிறு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உயிருக்கே ஆபத்து.

தேங்காய்ப் பால் சீக்கிரம் கெடும். வெயில் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். விசேஷ வீட்டில் காலையில் கலந்து மாலையில் பரிமாறுவது தவறு. புளித்த பாலை மறுபடி காய்ச்சினாலும் பயன் இல்லை. அதில் உண்டான சில நஞ்சுகள் சூட்டில் அழியாது. கொட்டிவிடுவதே நல்லது.

ஜவ்வரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். உடலை வளர்க்கும் புரதம் இல்லை என்றே சொல்லலாம். காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கிறோம். அது இரண்டு நாளைக்குச் சரி. காய்ச்சல் விட்டதும் பருப்பும் முட்டையும் கொடுக்க வேண்டும். இந்த இனிப்பில் சத்து தருவது பழம். மாம்பழத்திலும் பப்பாளியிலும் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ கிடைக்கிறது. அதை உடல் ஏற்க எண்ணெய்ச் சத்து தேவை. அது தேங்காய்ப் பாலில் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

மீந்ததைக் குளிர்ப் பெட்டியில் வைத்தால் மறுநாள் ஜவ்வரிசி விறைத்துப்போகும். எனவே அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் செய்யுங்கள்.