மனனமும் மலக்காவும்

பாடத்தை நினைவில் இருத்துவது வேறு. அதைக் கையாளும் ஆற்றல் உள்ளத்தில் வேரூன்றுவது வேறு. பின்னதையே இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில் ‘மலக்கா’ என்கிறார்.

அக்காலத்தில் மதரஸாவில் தங்கிப் பயிலும் காலம் துனிஸில் 5 ஆண்டுகள். மொராக்கோவிலோ 16 ஆண்டுகள். காரணம் மாணவரின் அறிவுக்குறை அன்று என்பது அவர் முடிவு. மொராக்கோ மாணவர் வகுப்பில் வாய் திறவாது அமர்ந்தனர். அளவுக்கு மீறி மனனம் செய்தனர். விவாதிக்கவோ கற்பிக்கவோ நேர்ந்தபோது தடுமாறினர். நாவைத் திறந்து உரையாடுவதே மலக்காவை அடையும் எளிய வழி என்றார் அவர்.

திருவண்ணாமலையில் என்னிடம் பயில்வோர் நஹ்வு விதிகளைப் பிழையின்றி ஒப்பிப்பர். புதிய வாக்கியம் ஒன்றைத் தந்து அதில் ஃபாயில் (எழுவாய்) எது என்றால் விழிப்பர்!

பாடம் முடிந்தபின் மாணவர் வட்டமாக அமர்ந்து, ஒருவர் அதை மீளச் சொல்ல, மற்றவர் குறுக்கிட்டு வினவும் ‘தக்ரார்’ நம் அரபிக் கல்லூரிகளின் பழைய வழக்கம். இதனினும் சிறந்த மருந்தை நான் அறியேன். ஆனால் வினவுவோர் குறைந்து, அதுவும் ஒப்பித்தலாகச் சுருங்கி வருகிறது. ஆகவே கிதாபை மூடச் செய்து, கேட்டறியாத வாக்கியத்தைப் பலகையில் எழுதி, ஒருவருக்கொருவர் விளக்கச் சொல்கிறேன். நேரம் கரைகிறது, ஆண்டிறுதியில் கிதாபில் சில பாடங்கள் எஞ்சிவிடுகின்றன.