டேப்பெட் சத்தம் போன பிறகு

1957 கார்வெட்டின் பானெட்டைத் தூக்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் தையல் மிஷின் மாதிரி ஒரு டிக் டிக் கேட்கும். 283 கன அங்குல ஷெவ்ரலே வி8. அதில் டன்டோவ் கேம் என்ற பந்தயக் கேம் இருந்தால் டேப்பெட் எல்லாம் சாலிட் வகை, இடைவெளி விட்டுத்தான் வைக்க வேண்டும். அந்தச் சத்தம்தான் ஆரோக்கியம். சத்தம் குறைந்தால்தான் பயம்: இடைவெளி போய்விட்டது, வால்வு சரியாக உட்காராமல் கருகப்போகிறது என்று அர்த்தம். வேகப் பிரியர்கள் ஃபீலர் கேஜும் கையுமாக அலைந்தார்கள். தகட்டை ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் விட்டு, லேசாகப் பிடித்து நழுவுகிறதா என்று விரலால் பார்ப்பார்கள். பதினாறு வால்வுக்கும் இதே வேலை.

ஓடித் தேய்ந்த இன்ஜினுக்குப் புதுக் கேம் போட்டால் டேப்பெட்டும் புதிதாக இருந்தே தீர வேண்டும். தட்டையான அடிப்பாகம் கேமின் மேல் உரசியே ஓடுவதால், பழசும் புதுசும் ஒத்துப்போகாது. முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல், 2000 ஆர்பிஎம் சுமாருக்கு வைத்து இருபது நிமிடம் பழக்க வேண்டும். பின்னாளில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்தார்கள். விவரம் தெரியாமல் அந்த ஆயிலை ஊற்றியவர்கள் பலருக்குக் கேமின் மேடே மழுங்கிப் போனது.

1997 கார்வெட்டில் 5.7 லிட்டர் எல்எஸ்1 வந்தது. புஷ்ராடு அப்படியே இருக்க, டேப்பெட் ரோலர் வைத்த ஹைட்ராலிக் வகை. செட்டிங் என்ற பேச்சே கிடையாது. தேய்மானம் மட்டும் நிற்கவில்லை, சத்தம் போடாமல் நடக்கிறது. சராசரியாக மணிக்கு 60 கி.மீ., 2000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால், 1,60,000 கி.மீ. ஓடிய காரில் ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கும் சுமார் 16 கோடி முறை அமுங்கி எழுந்திருக்கும். தளர்ந்த ஸ்பிரிங் ஊருக்குள் ஓட்டும்போது காட்டிக்கொடுக்காது. 6000 ஆர்பிஎம்மில்தான் வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கும். பவருக்காகக் கேம் வாங்கக் காசு சேர்ப்பவர்கள் முதலில் இரட்டை ஸ்பிரிங் வாங்கட்டும். ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வைச் சிலிண்டருக்குள் விழவிடாது.

ஸ்பிரிங் மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பிளக் துளை வழியே நைலான் கயிற்றைத் திணித்து, கிராங்கைத் திருப்பினால் பிஸ்டன் மேலேறும். கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். ஆயில் இறங்கும் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டே ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும். விரல் நுனியளவு வால்வு லாக் ஒன்று உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போச்சு.

டேப்பெட்டில்தான் கதை தலைகீழ். பழைய வி8-இல் இன்டேக் மேனிஃபோல்டை எடுத்தாலே அது கைக்கு எட்டும். எல்எஸ்1-இல் ஹெட் இரண்டும் இறங்க வேண்டும். அதனால் கேம் மாற்றுகிற பலர், இன்ஜினின் முன்பக்கத் துளைகளில் இரண்டு நீளக் கம்பிகளைச் செருகி, பழைய டேப்பெட்டுகளை அந்தரத்தில் நிறுத்திவைத்துக் கேமை மட்டும் உருவுகிறார்கள். புதுக் கேம் உள்ளே போகிறது, கம்பிகள் வெளியே வருகின்றன. 1,60,000 கி.மீ. ஓடிய ரோலர்கள் அதன் மேல் வந்து உட்காருகின்றன.