இன்வெர்ட்டரிடமே கேட்டுவிடலாம்

"சார்ஜ் ஃபுல்லுனு காட்டுது தம்பி, ஆனா கரண்ட் போனா அரை மணி நேரம்கூடத் தாங்கல." திருமுக்கூடல் டீக்கடையில் இதை யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டுதான் இருப்பார். அதற்கான பதில் அந்த இன்வெர்ட்டருக்கே தெரியும் அண்ணே. டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

முதலில் அதன் அடிப்பக்கம் பாருங்கள். லேன் கேபிள் சொருகுவது போன்ற சாக்கெட் இருந்தால் பேச வழி உண்டு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் இருக்காது. சோலார் வகைகளில் பெரும்பாலும் இருக்கும். பார்க்கத்தான் லேன், உள்ளே இருப்பது 1960-இல் வந்த ஆர்எஸ்-232 சீரியல் இணைப்பு. ரௌட்டரில் மாட்டிவிடாதீர்கள். பெட்டியோடு வந்த கேபிளும், லேப்டாப்பின் யுஎஸ்பியில் செருகும் ஆர்எஸ்-232 அடாப்டரும் போதும்.

தைவானின் வோல்ட்ரானிக் நிறுவனம் செய்யும் ஆக்ஸ்பர்ட் வகையை வைத்துச் சொல்கிறேன். வேறு பெயர்கள் ஒட்டியும் அது விற்கிறது. டெர்மினலில் வேகம் 2400, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள். ஒரு எழுத்துக்கு 10 பிட் செலவாகும். ஆக, நொடிக்கு 240 எழுத்து. ஆமை வேகம்தான், ஆனால் அது சொல்லப்போவதே ஒரு வரி.

இதற்குப் பிறகுதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். 'க்யூபிஐ' என்ற கட்டளையை அடித்து என்டர் தட்டினால் 'நாக்' என்று முகத்தில் அடித்தாற்போல் வரும், அல்லது சத்தமே இருக்காது. கட்டளைக்குப் பின்னால் இரண்டு பைட் சரிபார்ப்பு எண் போக வேண்டும். மளிகைச் சிட்டையின் அடியில் போடும் கூட்டுத்தொகை மாதிரி; நடுவே ஏதாவது மாறினால் தொகை உதைக்கும். க்யூபிஐக்கு அது ஹெக்ஸ் எண்ணில் பிஇ, ஏசி. கீபோர்டில் இதற்கு விசை கிடையாது. அதனால் ரியல்டெர்ம் போல எண்ணாகவே அனுப்பும் டெர்மினலை எடுத்து, கடைசியில் என்டருக்கான 0டி சேர்த்து அனுப்புங்கள். ஒரு அடைப்புக்குறியும் 'பிஐ30'ம் வந்தால் அதற்குக் காது கேட்கிறது.

அடுத்து 'க்யூபிஐஜிஎஸ்', கூடவே பி7, ஏ9, 0டி. அரை நொடியில் எண்கள் வரிசையாக வந்து விழும். முதல் எண் ஈபி லைன் வோல்டேஜ், இரண்டாவது அதன் ஹெர்ட்ஸ். ஒன்பதாவது பேட்டரி வோல்டேஜ், பதினொன்றாவது சார்ஜ் சதவீதம். நீங்கள் நம்பிய 'ஃபுல்' இந்தப் பதினொன்றாவதுதான். அது பெரும்பாலும் வோல்டேஜைப் பார்த்துப் போட்ட ஊகம். ஆகவே ஒன்பதாவதைப் பிடியுங்கள். நிறைந்த 24 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போது 25.4 அளவில் நிற்கும். இன்வெர்ட்டருக்கு வரும் ஈபியை அணைத்து, தறியின் ஜக்கார்டு மோட்டாரையும் ஃபேனையும் ஓடவிட்டு மறுபடி கேளுங்கள். சில நிமிடத்தில் 22-க்குக் கீழே சரிந்தால், பேட்டரி முனையில் உப்புப் பூத்திருக்கிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பேட்டரியே தளர்ந்துவிட்டது. இன்வெர்ட்டரைத் திட்டிப் புண்ணியமில்லை.

க்யூவில் தொடங்குபவை வெறும் கேள்விகள். எத்தனை முறை கேட்டாலும் ஒன்றும் கெடாது. உத்தரவுகள் வேறு ரகம். சார்ஜ் வோல்டேஜை ஏறுமாறாக மாற்றினால் பேட்டரி வீணாகும். அதனால் எதையும் தொடுமுன் 'க்யூபிஐஆர்ஐ', எஃப்8, 54, 0டி என்று கேட்டு, இப்போதைய அமைப்பை நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதி வைப்பது இந்த ஊருக்குப் புதிதா என்ன? நம் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆதுலசாலை என்ற மருத்துவமனையின் 15 படுக்கை முதல் மருந்துப் பெயர்கள் வரை பட்டியல் போடுகிறது.

'பிஎஃப்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டே எழுத்து, மாற்றி வைத்ததையெல்லாம் கம்பெனி அமைப்புக்கே கொண்டுபோய்விடும். அந்த நோட்டு கையில் இல்லாமல் அதை மட்டும் அனுப்ப வேண்டாம்.